துடைப்பம் யார் கையில்? துலாக்கோல் யார் கையில்?

கழிப்பறைக்குள்ளே பூச்செண்டு! செவிக்கினிய மெல்லிசை! கட்டணம் கேட்பாருமில்லை! நியூயார்க் நகரின் 42-ஆம் தெருவில், பொது நூலகத்தின் பின்புறம் விரிந்துகிடக்கும் பிரையண்ட் பூங்காவைக் கண்டு திரும்புவோர் வியந்துரைக்கும் செய்தி இது. 1970-களில் அதே பூங்கா போதைப்பொருள் விற்போரின் கூடாரம்; அங்கே கால்வைக்கவே மக்கள் அஞ்சினர். 1988-இல் மூடினர்; புதுப்பித்து 1992-இல் திறந்தனர். இன்று, நாற்காலியை விரும்பிய நிழலுக்கு இழுத்துப் போட்டு எவரும் அமரலாம்.

மாயமா இது? மாயமுமில்லை, மந்திரமுமில்லை! பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பணம் எங்கிருந்து வருகிறது? செலவிடுபவர் எவர்? அவரைத் தட்டிக் கேட்கும் உரிமை எவருக்கு?

'வணிக மேம்பாட்டு வட்டாரம்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். கனடாவின் டொரண்டோ நகரில், புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்னும் கடைத்தெருவில் 1970-இல் பிறந்த குழந்தை இது. பேரங்காடிகள் எழுந்தன, சுரங்க இரயில் வந்தது, தெருக்கடைகளை நாடுவோர் குறைந்தனர். நம் தெருவை நாமே அழகுபடுத்துவோம் என்று கூடினர் வணிகர். ஆனால் சிலர் கொடுப்பதும், கொடாதவர் பயனை மட்டும் துய்ப்பதும் முறையாகுமா? எனவே எல்லோர்மீதும் கட்டாயத் தீர்வை விதிக்கச் சட்டம் கேட்டனர், பெற்றனர்.

நியூயார்க்கில் இத்தகைய வட்டாரங்கள் எழுபதுக்கும் மேல். எல்லைக்குள் இருக்கும் கட்டட உடைமையாளர்மீது கூடுதல் தீர்வை. தண்டுவது மாநகர அரசு. தண்டிய தொகை போய்ச் சேர்வது வட்டாரத்தை நடத்தும் சங்கத்திடம்! துப்புரவாளர், காவலர், விளக்கு, இருக்கை, மலர்த்தொட்டி யாவும் அப்பணத்தில். பிரையண்ட் பூங்காவோ உணவகக் குத்தகை, விழாக்கள் வழியாகவும் பொருளீட்டி, மாநகரக் கருவூலத்தை எதிர்பாராமலே நடைபெறுகிறது.

நன்று! குப்பை அள்ளியவரைக் குறைகூற வரவில்லை நாம். துடைப்பத்தோடு துலாக்கோலையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

அந்நகரச் சட்டப்படி, ஆட்சிக்குழுவில் பெரும்பான்மை உடைமையாளர்க்கே. கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்தில் குடியிருப்போர் அனைவருக்குமாகக் கிடைத்தது ஒரே ஓர் இடம்! ஆளுக்கொரு வாக்கு என்னும் அறம் என்னாயிற்று என்று வழக்காடினர் அவர்கள். 1998-இல் கூட்டரசு மேல்முறையீட்டு மன்றம் கைவிரித்தது. வரம்புக்குட்பட்ட பணி செய்யும் அமைப்பு இது, சுமையும் உடைமையாளர்க்கே மிகுதி, ஆகவே அவ்வறம் இங்குப் பொருந்தாது என்றது. மூன்று நீதிபதிகளுள் ஒருவர் மாறுபட்டார்.

அதே 1998. அதே கிராண்ட் சென்ட்ரல். இன்னொரு வழக்கு. வீடற்ற ஏழைகளுக்கு வேலை பழக்குகிறோம் என்று கூறி, துப்புரவுப் பணியிலும் காவற் பணியிலும் அவர்களை அமர்த்தி, மணிக்கு ஏறத்தாழ ஒரு டாலர் கொடுத்தனர்! 1991 முதல் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியோ 4.25 டாலர். அது பயிற்சியன்று, உழைப்பு. உரிய கூலி தந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார், பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர். தெருவைத் துடைத்தவனுக்கு அத்தெருவின் ஆட்சிக்குழுவில் ஒரு குரல் இருந்திருந்தால், அந்த ஒரு டாலர் ஒருநாளேனும் நிலைத்திருக்குமா?

"பணம் கொடுப்பவர் ஆளட்டுமே" என்பர் சிலர். தோழர்களே, நான் பள்ளி ஆசிரியன். வகுப்புக்கு நாற்காலி வாங்கித் தந்த செல்வர், எந்தப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று ஆணையிட வந்தால் அனுமதிப்பேனா? இங்கோ தந்தது நன்கொடையுமன்று. அரசின் கரம் கொண்டு தண்டிய வரி! வரியென்றால், அதை ஆள்வது மக்கள் மன்றமாக அன்றோ இருத்தல் வேண்டும்? அந்த நிலத்துக்கு விலை ஏறியதும் உடைமையாளரின் வியர்வையால் மட்டுமா? பொதுப்பணத்தில் எழுந்த நூலகமும் இரயிலும், நாள்தோறும் நடந்து தேய்ந்த கோடிக் கால்களும் சேர்ந்து ஏற்றிய விலையன்றோ!

சொத்துள்ளவனுக்கே வாக்கு என்னும் தளையை அமெரிக்க மாநிலங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளையருக்கு அறுத்தன; கருப்பருக்கு வாக்கு மெய்யாக வந்துசேர 1965 வரை போராட வேண்டியிருந்தது. அத்தனை விலை கொடுத்து அறுத்த தளையைப் பூந்தொட்டிக்குள் ஒளித்துத் திரும்பக் கொண்டுவருவதா? மேலும், வானளாவும் மாளிகைகள் நிறைந்த வட்டாரம் தீர்வை பெருக்கிப் பூச்செண்டு வைக்கும். தீர்வை செலுத்த வலுவற்ற ஏழைகளின் தெரு என் செய்யும்?

தீர்வை இருக்கட்டும், துப்புரவும் இருக்கட்டும். ஆனால் குடியிருப்போனும், வாடகைக் கடைக்காரனும், துடைப்பம் பிடிப்பவனும் ஆட்சிக்குழுவில் சமமாக அமரட்டும். வளமான வட்டாரத்தின் தீர்வையில் ஒரு பங்கு வறிய தெருவுக்குப் போகட்டும். பூங்காவில் எவரும் இழுத்துப் போட்டு அமரும் நாற்காலி போல, ஆட்சி மன்றத்திலும் நாற்காலி வேண்டும்! அதுவரை அது பொதுப்பூங்கா அன்று. பூட்டில்லாத தனியார் தோட்டம்!