"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சார்!"

இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. சொன்னவர் நல்ல மனுஷர், டீ கூட வாங்கிக் கொடுத்தார். ஆனா நான் கேட்டது பழைய அ-பதிவேடு. அவர் திருப்பிக் காட்டினது கம்ப்யூட்டர் திரை.

கதைச் சுருக்கம் இதுதான். சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்க தாத்தா நிலம், ஒரு ஏக்கருக்கும் கம்மி. 1979லேர்ந்து 1987 வரைக்கும் நடந்த யூ.டி.ஆர். வேலையில தாத்தா பேரு போய், பக்கத்து நிலத்துக்காரர் பேரு ஏறிடுச்சு. சதியெல்லாம் இல்ல, எழுதினவர் ஒரு வரி தாண்டிட்டார், அவ்வளவுதான். தமிழ்நாட்டுல யூ.டி.ஆர். பிழைன்னு சொன்னா விளக்கமே தேவையில்ல, ஊருக்கு ஊர் இந்தக் கதை உண்டு. பிற்பாடு அந்தக் கணக்கைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. இப்ப நடுராத்திரியில கூட இணையத்துல பார்க்கலாம். தப்பான பேரு ரொம்பத் தெளிவாத் தெரியுது.

திருத்தணும்னா யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேடு வேணும். இருந்துச்சு. சிவப்புத் துணியில கட்டு கட்டா, ஒழுகற ஜன்னலோரம். எங்க கிராமத்துப் பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்துல கரையான் மண்ணு. கேட்டா, "அதான் எல்லாம் ஏத்தியாச்சே சார்"!

நானும் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்தான். எங்க தொழில்ல ஒரு டேட்டாபேஸை வேற இடத்துக்கு மாத்தினா, ரெண்டு பக்கமும் எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டு, மாசக்கணக்குல ஓட்டிப் பார்த்த பிறகுதான் பழைய சர்வரை அணைப்போம். அப்பவும் ஒரு பேக்கப் இருக்கும். இங்க நடந்தது தலைகீழ். கடைசியா எழுதின பிரதியை, அதுல இருந்த தப்போட ஏத்தியாச்சு. தப்பைக் கண்டுபிடிக்க உதவுற மூலத்தைக் கரையானுக்கு விட்டாச்சு. இதுக்குப் பேரு டிஜிட்டல்மயமா?

இதே கடலூர்ல 1690ல நடந்த ஒரு வியாபாரம் நமக்கு அச்சு அசலாத் தெரியும். செஞ்சி மராத்தியர்கிட்டேயிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினாங்க. கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் நிலம் அவங்களுக்குன்னு ஒப்பந்தம். அப்படிப் போன ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள்னே பேரு. எப்படித் தெரியும்? கம்பெனிக்காரன் எழுதி வச்சான், அதைப் பிரதி எடுத்தான், பத்திரமா வச்சான். செயின்ட் டேவிட் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளைப் பிற்பாடு சென்னை ஆவண அலுவலகம் அச்சே போட்டுச்சு. முந்நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரன் குண்டு எங்க விழுந்துச்சுன்னு தேடிப் படிக்கலாம். அம்பது வருஷத்துக்கு முந்தி எங்க தாத்தா வரப்பு எங்க இருந்துச்சுன்னு தெரியாது.

நகராட்சிக் காகிதமும் லேசுப்பட்டது இல்ல. கடலூர் நகராட்சி 1866ல ஆரம்பிச்சது (2021லேர்ந்து மாநகராட்சி), சிதம்பரம் 1873ல. யார் எந்தத் தெருவுல இருந்தாங்க, எந்தக் குளம் எப்ப தூர்ந்துச்சு, காலரா வருஷத்துல எத்தனை பேர் போனாங்க, சுடுகாட்டுக்குப் பாதை யாருக்குக் கொடுத்தாங்க, யாருக்கு மறுத்தாங்கன்னு தேடணும்னா வரிப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, மன்றத் தீர்மான நோட்டுலதான் தேடணும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல போய்க் கேட்டா கலெக்டர் எழுதினது கிடைக்கும். வார்டு மெம்பர் சண்டை போட்டது கிடைக்குமா?

"பழைய பேப்பரை வச்சு என்னப்பா பண்ணப் போற?"ன்னு கேக்குறவங்க சிதம்பரத்துல இருந்துக்கிட்டுக் கேக்கக் கூடாது. நடராஜர் கோயில் வழக்கு 2014ல உச்ச நீதிமன்றத்துல முடிஞ்சப்பக்கூட, 1890ல சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பேசப்பட்டுச்சு. யார் பக்கம் நியாயம்னு இங்க பேச வரல (அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல). நூத்து இருபத்து நாலு வருஷத்துக் காகிதம் கோர்ட்டுல ஏறி நின்னுச்சுங்கிறதை மட்டும் பாருங்க.

சட்டமே இல்லையான்னா, இருக்கு. 2005 தகவல் உரிமைச் சட்டம் 4(1)(அ) பிரிவு, எல்லா ஆவணத்தையும் பட்டியல் போட்டு அட்டவணைப்படுத்தி வைக்கணும்னு ஒவ்வொரு அலுவலகத்துக்கும் சொல்லுது. 1993 பொது ஆவணச் சட்டம் இன்னும் கறார். 1892க்கு முந்தின ஆவணத்தை, எதுக்கும் உதவாத அளவுக்குச் சிதைஞ்சிருந்தா ஒழிய அழிக்கவே கூடாது, மீறினா ஜெயில் கூட உண்டு. ஆனா அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான். அதாவது பாகூர் பக்கம் புதுச்சேரி அரசுக் காகிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, எல்லையைத் தாண்டிக் கடலூருக்குள்ள வந்தா கிடையாது. சாராயத்துக்கு மட்டும்தான் இந்த எல்லை முக்கியம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்!

வெளியாள் வந்து செய்யறதும் நடக்குது. பிரிட்டிஷ் நூலகத்தோட அழிநிலை ஆவணத் திட்டத்துல, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்க் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்புக் காகிதங்களை வீடு வீடாத் தேடிப் படம் எடுத்தாங்க. கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா 2023 அக்டோபர்ல அந்த நூலகத்தையே சைபர் தாக்குதல் முடக்கி, மாசக்கணக்குல பல சேவைகள் படுத்துச்சு. நம்ம ஊர்க் காகிதத்துக்கு நம்ம ஊர்லயும் ஒரு பிரதி வேணாமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929லேர்ந்து பக்கத்துலயே இருக்கு. வரலாறு படிக்கிற பசங்க இருக்காங்க, ஆளுக்கொரு போன்ல கேமரா இருக்கு.

உடனே கோடி ரூபாய் டெண்டர் விடுங்கன்னு நான் சொல்லல. டெண்டர் விட்டா ஒருத்தர் வந்து, பத்து லட்சம் படத்துக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு பேரு வச்சு ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துட்டுப் போவார். தேட முடியாத ஸ்கேனும் கரையான் மண்ணும் ஒண்ணுதான். முதல்ல ஒரு நோட்டுல பட்டியல்: எந்த அறை, எந்த அலமாரி, எந்த ஆண்டு, எந்த ஊர். அப்புறம் படம். மூலக் காகிதம் ஈரம் படாத மாடிக்குப் போகணும். 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம்னு பார்த்த மாவட்டத்துல இன்னும் தரைத்தளத்துலயா பதிவேடு வைக்கிறது?

போன வாரம் பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டி ரெண்டு ஊர்ப் பொதுத் தகவல் அலுவலருக்கும் மனு போட்டிருக்கேன். மூணே கேள்வி. உங்ககிட்ட இருக்கிறதுலயே பழைய பதிவேடு எந்த வருஷத்துது? அதோட பட்டியல் எங்க? கடைசியா எந்தெந்தப் பதிவேட்டைக் கழிச்சீங்க, யார் உத்தரவுல? உங்க ஊருக்கும் இதே மூணு கேள்வி பொருந்தும், அப்படியே எடுத்துக்கலாம். முப்பது நாள் கெடு. எண்ணிக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: டீ வாங்கிக் கொடுத்தவர் மேல எனக்குக் கோபம் இல்ல. அந்த அறையில அவர் தலைக்கு மேலயும் ஒழுகிக்கிட்டுத்தான் இருந்துச்சு.