போர் ஓய்ந்த பின் பாடகர்கள்

விபோர்க் நகரில் நெடுங்காலம் முகாமிட்டிருந்த இளவரசர் றெஜிமென்ற் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து அகன்றது. அப்படையணியே இன்று இல்லை. ஆயினும் இளவரசரின் பெயரைத் தாங்கிய இராணுவ இசைக்குழு அயலூரான ஸ்கீவவில் இன்னமும் இயங்குகின்றது. துப்பாக்கி ஏந்தியோர் கலைந்தனர். குழல் ஊதுவோர் அரச ஊதியத்துடன் எஞ்சினர். நாடுடையவர்களுக்கு இது வெறும் நிருவாக விடயம்.

1917இல் பிரான்சியப் போர்முனையில் கனடியப் படையின் மூன்றாவது டிவிசனிலிருந்து 'டம்பெல்ஸ்' என்ற கலைக்குழு உருவாயிற்று. கப்டன் மேர்ட்டன் பிளங்கெற் அதனை நடத்தினார். சிப்பாய்களே பாடினர், பெண்வேடமிட்டும் ஆடினர். (அரிச்சந்திர மயானகாண்டம் பார்த்து வளர்ந்த எமக்கு இதில் வியப்பில்லை.) போர் ஓய்ந்ததும் அவர்கள் ஒடுங்கிவிடவில்லை. 1919 முதல் கனடா முழுவதும் சுற்றினர். 1921இல் நியூயோர்க்கின் புறோட்வே மேடையையும் கண்டனர். பேசும்படமும் பொருளாதார மந்தமும் வந்த பின்னர், 1932 அளவிலேயே அவர்களது திரை விழுந்தது. வென்ற நாடொன்று அவர்களுக்குச் சபையாக வாய்த்திருந்தது.

எமது பாடகருக்கு வாய்த்தது எது? எஸ். ஜி. சாந்தனின் குரல் களத்தில் நின்றோருக்கும், இடம்பெயர்ந்து மரநிழலில் கிடந்தோருக்கும் துணையாயிருந்தது. அவ்வொலிநாடாக்கள் டென்மார்க்கின் அகதி முகாம்கள் வரை வந்தன. நாம் பிரதியெடுத்துக் கேட்டோம். காசு கொடுத்து வாங்கியோர் சிலரே. 2009 மேயின் பின்னர் அப்பாடல்களை அங்கு வாய்விட்டுப் பாடுதல் ஆபத்தாயிற்று. பக்திப் பாடல்களும் பாடிவந்த சாந்தன், நோயுற்று 2017 பெப்ரவரி 26 அன்று யாழ்ப்பாணத்தில் காலமானார். இரங்கலுரை நிகழ்த்துவதில் நாம் என்றும் பின்னின்றதில்லை.

இங்கு வந்து சேர்ந்த பாடகரும் வாத்தியக்காரரும் தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் நாட்களைக் கழிக்கின்றனர். கார்த்திகை வந்தால் அழைக்கின்றோம். பயணச் செலவைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றோம். புதிதாக ஒன்றைப் பாட முனைந்தால், "பழையதைப் பாடுங்கோ" என்கிறது சபை. அறுபதை அண்மித்த மனிதரை இருபத்தைந்து வயதிலேயே நிறுத்திவைக்கும் இக்கொடுமையை நாம் பற்று என்று அழைத்துக்கொள்கின்றோம்.

இந்நாட்டில் பதிவுசெய்த சங்கங்களுக்கு நகரசபை மண்டபமும் மானியமும் வழங்கச் சட்டம் இடமளிக்கின்றது. அதனைக் கொண்டு எம் பிள்ளைகளுக்கு இவர்கள் இசை கற்பிக்கலாம். எப்பாடலுக்கு யார் இசையமைத்தார், யார் மிருதங்கம் வாசித்தார் என்பதை அவர்கள் இருக்கும்போதே பதிந்துவைக்கலாம். புனைபெயருக்குள் மறைந்தோர் பலர்; அவர்களை அறிந்தோரும் முதுமையடைகின்றனர்.

அடுத்த விழாவுக்கு மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கணக்கிடும் தாளில், பாடுவோரின் ஊதியம் முதல் வரியாக எழுதப்படட்டும்.