பாதி விலைப் பத்திரிகை

1836-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று பாரிஸ் பட்டணத்தில் எமீல் த ஜிரார்தேன் என்பவர் ‘லா பிரெஸ்’ என்ற தினசரியை ஆரம்பித்து, மற்றப் பத்திரிகைகள் வருஷ சந்தாவாக 80 பிராங்கு வசூலித்து வந்த காலத்தில் தாம் 40 பிராங்குக்கே தருவதாக விளம்பரப்படுத்தியபோது, சக பத்திரிகாசிரியர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பொன்றுமில்லை. விலை குறைந்தால் வாசகர் பெருகுவர், வாசகர் பெருகினால் விளம்பரக்காரர் தேடிவருவர், சந்தாவில் விழும் துண்டை அவர்கள் பணம் ஈடுகட்டும் என்பது அவருடைய கணக்கு. இன்றைய பத்திரிகைகளெல்லாம் அந்தக் கணக்கில்தான் வெகுகாலம் ஜீவித்தன என்றாலும், அன்று அது எழுத்தைச் சந்தைச் சரக்காக்கிய மகாபாதகமாகவே தூற்றப்பட்டது.

மனிதர் லேசுப்பட்டவரல்லர். பிரபு ஒருவருக்கு விவாக பந்தத்துக்குப் புறம்பே பிறந்து, தகப்பனாரின் குடும்பப் பெயரைத் தாமே எடுத்துச் சூடிக்கொண்டவர். 1828-இல் பிறர் ஏடுகளிலிருந்து ருசியான பகுதிகளைப் பொறுக்கி அச்சிட்ட ஒரு பத்திரிகைக்குத் ‘திருடன்’ என்றே கூசாமல் நாமகரணம் செய்தவர். (நம்மில் பலர் பெயர் வைக்காமலே அந்தத் தொழிலைச் செய்கிறோம்.)

பாதி விலை கிளப்பிய சண்டையில், ‘லெ நாசியோனால்’ ஆசிரியரும் குடியரசுக் கட்சியாரின் கண்மணியுமான அர்மான் கரெல் தலையிட, வாதம் முற்றி, எதிராளிகளின் அந்தரங்க விஷயங்களை வெளியிடுவதாக ஜிரார்தேன் மிரட்டும் அளவுக்குப் போய், அம்மாதம் 22-ஆம் தேதி வேன்சேன் வனத்தில் இருவரும் கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றார்கள். ஜிரார்தேனுக்குத் துடையில் காயம். வயிற்றில் குண்டு பாய்ந்த கரெல் இரண்டு நாளில் மாண்டார். அந்தப் பழியை விரோதிகள் கடைசிவரையில் மறக்கவிடவில்லை.

பத்திரிகை என்னவோ செழித்தது. அதே வருஷம் பால்ஸாக்கின் நாவலொன்று அதில் தொடராக வந்தது. ஜிரார்தேனின் மனைவி தெல்பீன், ஆண்பிள்ளைப் புனைபெயரில் பாரிஸ் வம்புகளை வாராவாரம் வெகு நயமாக எழுதினாள். கணவரைவிட அவளே தேர்ந்த எழுத்தாளர் என்பது என் துணிபு.

அரசியலில் அவர் அடித்த குட்டிக்கரணங்களுக்குக் கணக்கில்லை. 1848 பிப்ரவரியில் அரண்மனைக்கே சென்று லூயி பிலிப் மன்னரை முடிதுறக்கச் சொன்னார். ஜூனில் புதிய குடியரசு அவரைச் சிறையிலடைத்தது. டிசம்பரில் அவர் ஆதரித்து ஜனாதிபதியான லூயி நெப்போலியன், பிறகு அவரையே நாடுகடத்தினான். இவற்றையெல்லாம் காலத்தின் கோலமென்று தள்ளிவிடலாம். ஆனால், அதே 1848-இல் கரெலின் சமாதியண்டை நின்று, இத்தகைய துவந்த யுத்தங்களைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று உருக்கமாகப் பேசிய அந்த வாய், 1870-இல் பிரஷ்யாவின்மீது படையெடுக்கச் சொல்லி ஓங்கி முழங்கிற்றே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.