அட்டை உள்ளவன்

'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' படத்தை நம்மில் பலர் ஸ்கார்செஸியின் 'தி டிபார்ட்டட்'டுக்கு மூலம் என்ற அளவில்தான் தெரிந்து வைத்திருக்கிறோம். 2006இல் வந்த அந்த மறுஆக்கம், சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. மூலப்படமோ 2002 டிசம்பரில் ஹாங்காங்கில் வெளியான 101 நிமிடப் படம். இயக்கியவர்கள் ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக் இருவர். கிளையைக் கொண்டாடி வேரை மறப்பது சினிமா ரசனைக்கு அழகல்ல என்பதால் இந்த இதழில் அதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

போலீஸ் தன் ஆளைக் கும்பலுக்குள் அனுப்புகிறது. கும்பல் தலைவன் சாம், தன் பையன்களைப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறான். ஆண்டுகள் ஓடி, இருபுறமும் ஒற்றன் இருப்பது தெரிந்தபின் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். டோனி லியுங் நடித்த சான், மூன்றாண்டு என்று சொல்லி அனுப்பப்பட்டவன். அது இன்னொரு மூன்று, மறுபடி ஒரு மூன்று என்று நீண்டு பத்தாண்டை நெருங்கிவிட்டது. சாம் போலீசில் சேர்த்துவிட்டவன் ஆண்டி லாவ் நடித்த லாவ்; அவன் நல்ல சட்டை, நல்ல பதவி, புது வீடு என்று வளர்ந்துவிட்டான்.

படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. லாவ் ஒலிப்பெட்டி வாங்க ஒரு கடைக்கு வருகிறான். கடையில் இருப்பவன் சான். கருவியைச் சோதித்துக் காட்ட சாய் சின் பாடிய பழைய பாட்டொன்றைப் போடுகிறான். இருவரும் அருகருகே சாய்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். அறிமுகமில்லாத இரண்டு பேர், இரண்டு பேருக்கும் நல்ல செவி. அவ்வளவுதான் நடக்கிறது. இந்த இரண்டு பேரும் வேறொரு வாழ்க்கையில் நண்பர்களாக இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் விழுந்துவிடுகிறது. பின்னால் வரும் எந்தத் துப்பாக்கிச் சத்தமும் அதை அழிப்பதில்லை.

அடுத்து ஒரு காகித உறை. 'மெய்க்காவலன்' என்பதற்குரிய சீன எழுத்து வராமல் கூட்டாளி தடுமாற, சான் அதை உறையின் மேல் எழுதிக் காட்டுகிறான். பிறகு ஒருநாள் லாவின் மேசையில் அதே உறை, தன் கையெழுத்தோடு. தேடிய ஒற்றன் எதிரில் நிற்பவன்தான் என்பது சானுக்குப் புரிகிறது. வசனமே இல்லை. அவன் சத்தமில்லாமல் வெளியேற, லாவ் கணினியில் சானின் கோப்பை அழிக்கிறான். சானை அறிந்திருந்த ஒரே மேலதிகாரி வோங் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார். ஒரு மனிதன் போலீஸ்காரன் என்பதற்கு இருந்த சாட்சி ஒரு விசைத் தட்டலில் போய்விட்டது. அரசு ஒருவனை மறைத்து வைக்கும்போது அவன் பெயரை எங்கே பத்திரப்படுத்துகிறது, யார் பொறுப்பில்? இந்தக் கேள்விதான் படத்தின் முதுகெலும்பு. துப்பாக்கிச் சண்டைக்காக மட்டும் இதைப் பார்க்கிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

ஹாங்காங் ரசிகர்களுக்கு இது வெறும் கற்பனையல்ல. 1973இல் ஊழல் விசாரணையில் இருந்த பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி பிரிட்டனுக்குத் தப்பி ஓடினார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாக 1974இல் தனி ஊழல் ஒழிப்பு ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. சீருடைக்கும் கும்பலுக்கும் நடுவிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்று அந்த ஊர் அறியும். 1997இல் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறிய ஊர், ஐந்தாண்டு கழித்து 'நான் யார்' என்று கேட்கும் இரண்டு மனிதர்களைத் திரையில் பார்த்தது.

படத்தின் சீனத் தலைப்பு 'இடையறாத பாதை'. பௌத்தத்தின் அவீசி நரகத்தைச் சுட்டும் சொல். துன்பத்துக்கு இடைவெளியே இல்லாத நரகம் அது. இந்தத் தலைப்பு முடிவில்தான் பொருள் கொள்கிறது. சான் லிஃப்ட் வாசலில் சுடப்பட்டுச் சாகிறான். சுட்டவனும் போலீசுக்குள் சாம் வைத்த ஆள். லாவ் அவனையும் கொன்றுவிட்டு, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்து, தான் போலீஸ் என்றபடி வெளியே வருகிறான். உண்மையான போலீஸ்காரனிடம் அட்டை இல்லை. அட்டை இருப்பவன் உயிரோடு இருக்கிறான். அதுதான் அவனுக்கு நரகம்.

இந்த முடிவை வேறு இடங்களில் தாங்கமுடியவில்லை. சீனப் பெருநிலத்துக்கென்று எடுத்த முடிவில் லாவ் கைதாகிறான். ஸ்கார்செஸி அவனைச் சுட்டுத் தள்ள ஏற்பாடு செய்தார். இரண்டிலும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது, பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போகலாம். ஸ்கார்செஸி பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் அவர் மூலத்தைவிடச் சிறியவராகிவிட்டார் என்பதே எங்கள் முடிவு.

வாசகர்களுக்கும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படம் கையில் கிடைத்தால், திரையிடுவதற்கு முன் கடைசி ஐந்து நிமிடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லாவ் கைதானால் அது ஹாங்காங் பிரதி அல்ல. மற்றதைத் தேடுங்கள்.