அவிநாசிச் சாலையும் நம் வீட்டுத் தகரப் பெட்டியும்



தண்டவாளமே இல்லாத தீவில் இரயில் சீட்டுப் பதிவு செய்யும் உத்தியோகம் என்னுடையது. கப்பலிலோ விமானத்திலோ சென்னை சேர்ந்து, அங்கிருந்து மதுரைக்கும் நெல்லைக்கும் இராமநாதபுரத்துக்கும் செல்லும் நம் மக்கள் என் ஜன்னல் முன் நின்று அடிக்கடி கேட்பது இது: "இரயிலில் இடம் இல்லையென்றால் பஸ்ஸில் போகலாமா? அபாயம் ஒன்றுமில்லையே?" இதற்கு விடை கூறுவது என் வேலையில் சேர்ந்ததன்று. ஆயினும் பஸ் விபத்தைப் பற்றியும், அதன்பின் வீட்டார் படும் பாட்டைப் பற்றியும் இத்திங்கள் எழுதத் துணிந்தேன்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் அதிகாலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்குச் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் மீது, எதிர்த்திசையில் தரை ஓடுகளை ஏற்றிவந்த கண்டெய்னர் லாரி, நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 உயிர்கள் போயின. மறுநாள் மகாசிவராத்திரி. விடுமுறைக்குச் சொந்த ஊர் திரும்பியவர்கள் பலர். பிழைப்புக்காக வெளியூர் சென்று, பண்டிகைக்கு வீடு நோக்கிப் புறப்பட்டவர்கள், நம்மைப் போன்றவர்கள்.

டயர் வெடித்ததே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. ஆராய்ந்த அதிகாரிகளோ லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்து விட்டதே காரணம் என்றனர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே, நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. சட்டம் புத்தகத்தில் விழித்திருக்கிறது; ஓட்டுநர்தாம் சாலையில் உறங்கிவிடுகிறார்.

அந்தப் பஸ்ஸின் ஊழியர் இருவரும் அன்று மாண்டனர். 2018ல் இதே இருவர், வலிப்பு வந்த பெண் பயணியைப் பஸ்ஸைத் திருப்பி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தவர்கள். ஒருவர் பஸ்ஸை மேலே செலுத்திச் செல்ல, மற்றவர் அப்பெண்ணின் உறவினர் வரும்வரை உடனிருந்தார். அதற்காகக் கழகத்தின் பாராட்டையும் பெற்றார்கள். அவர்களுடைய மரணச் செய்தியுடன் இந்தப் பழைய செய்தியையும் சேர்த்துப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்றும், அதில் 2 லட்சம் உடனடியாக என்றும் கேரளப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். நன்று. ஆனால் எல்லா விபத்தும் இவ்வளவு பெரிய செய்தியாவதில்லை. ஒருவர், இருவர் இறந்தால் பத்திரிகையில் நான்கு வரி; வீட்டிலோ நாற்பது ஆண்டுத் துயரம். அத்தகைய வீட்டார் அறிய வேண்டியவை சில உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார், அபர்டீன் பஜாரைச் சுற்றிலும் பல கட்டடங்களில் வேலை பார்த்தவர், ஊருக்குப் போன இடத்தில் பஸ் விபத்தில் இறந்தார். மனைவியும் பிள்ளைகளும் இங்கே. "விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டுமாம், அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று அந்த அம்மாள் கலங்கினார். யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலும் மனுச் செய்யலாம். மனுதாரர் வசிக்கும் இடத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் செய்யலாம். தீவில் இருப்பவர் தீவிலேயே செய்யலாம். ஊரில் இருக்கும் தாய் தந்தையர் அங்கேயே செய்யலாம். காலக்கெடு ஒன்றும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றோர் உளர். ஆயினும் அதை நம்பி நாள் கடத்துவது அறிவுடைமையன்று.

அடுத்த இடர் கூலிக் கணக்கு. இழப்பீடு இறந்தவரின் வயதையும் வருவாயையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. உச்ச நீதிமன்றம் 2009ல் வகுத்த முறைப்படி, 31 முதல் 35 வயது வரை உள்ளவருக்குப் பெருக்கெண் 16. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000. அவரை நம்பி நால்வர் இருப்பின், அவர் சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கு கழித்து 1,35,000. அதைப் பதினாறால் பெருக்கினால் 21,60,000 ரூபாய். இதன்மேல் எதிர்கால வருவாய் உயர்வையும் சேர்க்க வேண்டும் என்று 2017ல் தீர்ப்பாயிற்று. இல்லத்தரசி இறந்தாலும் அவருடைய உழைப்புக்கு மதிப்பிட்டு இழப்பீடு தர வேண்டும். ஆனால் அந்த 15,000ஐ எப்படி மெய்ப்பிப்பது? கொத்தனாருக்கு மேஸ்திரி கையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்குச் சீட்டு ஏது? நல்லவேளையாக, வாரக்கூலியை அவரே ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருந்தார். மேஸ்திரியும் சாட்சி சொல்ல இசைந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

அவர் பெயரோ ரேஷன் கார்டில் ஒருவகை, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து, ஆதாரில் தந்தை பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டு மூன்றாம் வகை. மூவரும் ஒருவரே என்று நிறுவவே அந்த அம்மாள் பல மாதம் அலைந்தார். இறப்புப் பதிவோ மரணம் நிகழ்ந்த ஊரில்தான் நடைபெறும். வாரிசுச் சான்று வேறொரு தாலுகா அலுவலகத்தில். இடையே கடல்.

நிற்க. தீர்ப்பு வந்தும் பணம் வராத கொடுமையும் உண்டு. இழப்பீடு கட்டத் தவறியதற்காக நீதிமன்ற அமீனா பஸ் நிலையத்துக்கே வந்து அரசுப் பஸ்ஸை ஜப்தி செய்தார் என்ற செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகை படிப்போருக்குப் புதிதன்று. பயணிகள் மூட்டையுடன் இறங்கி வேறு பஸ் தேடுவர். சிலருக்கு இது வேடிக்கை. அந்தப் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் விதவைக்கு வேடிக்கையன்று.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொடவே அஞ்சுகிறோமே, அந்த அச்சத்துக்கும் இப்போது இடமில்லை. மருத்துவமனையில் சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க ஏற்பட்டது. அவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. ஆகவே அந்தமான் முகவரியுள்ள ஆதார் அட்டையை எண்ணி நம்மவர் தயங்க வேண்டுவதில்லை.

மோகன்புரா பஸ் நிலையத்தில் பொழுது விடியுமுன்னரே திக்லிபூர், ரங்கத் பஸ்களுக்கு வரிசையில் நிற்போரைக் காண்கிறேன். அவர்களுள் பலருடைய காகிதங்கள் வீட்டிலே தகரப் பெட்டியில் மூன்று பெயர்களில் கிடக்கும். பெயர்த் திருத்தப் படிவம் நிரப்பத் தெரியாதோர் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வந்தால் நான் உடனிருந்து நிரப்பித் தருவேன். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றையும் மறவாமல் கொண்டு வருக. கூலி நோட்டு இருந்தால் அதையும்.