காருக்கு 'கெத்து' சத்தம், லைசென்சுக்கு ஆபத்து!

காட்டுப்பாக்கம்: பூந்தமல்லி மெயின் ரோட்டில் ராத்திரி நேரம் 'டமடம'வென ஒரு கார் போனால், தூங்கும் குழந்தைகள் அலறி எழுகின்றன. ஓட்டுகிற வாலிபருக்கோ அது கெத்து. அந்தக் கெத்துக்கு என்ன விலை தெரியுமா?

கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளும் ஓட்டை போட்ட குழாய்களும்தான் இன்ஜின் சத்தத்தை அடக்குகின்றன. அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்தால் சத்தம் ஏறும். வேகம் சொல்லிக்கொள்ளும்படி ஏறாது. நச்சுப் புகையைக் குறைக்கும் கன்வெர்ட்டரையும் சேர்த்து எடுத்துவிட்டால், புகைச் சோதனையிலும் சிக்கல்தான்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டுமே கூட விழலாம். சத்த வரம்பை மீறி ஓட்டினால் தனியாக ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில். லைசென்சும் 3 மாதத்துக்குப் போகும்.

இந்த இரண்டாவது பிரிவில் மாட்டுவது ஓட்டுகிறவர். 'பழைய ஓனர் மாத்தினது சார்' என்று சொன்னால் எடுபடாது. கால் டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு 3 மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியுமா?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறீங்களா? முதலில் ஸ்டார்ட் பண்ணி சத்தத்தைக் கேளுங்க. கம்பெனி சைலன்சரை மாட்டிக் கொடுத்த பிறகே பணத்தை எண்ணுங்க.