முதல் பந்தி யாருக்கு?

பி.காம். மூன்று வருஷமும் அக்கவுண்டன்ஸி படித்தேன். கூட்டு வியாபாரத்தைக் கலைப்பது எப்படி என்று ஒரு முழு பாடமே இருந்தது. கலைய இருக்கும் கூட்டை ஒட்ட வைப்பது எப்படி என்று மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் சொந்த ஊர் நாசரேத் பக்கம். திருச்செந்தூர் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஸ்டேஷன் போர்டைப் பார்க்கலாம். வருஷா வருஷம் டிசம்பர் 25 அன்று தாத்தா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எத்தனை இலை விழும் என்று யாரும் எண்ணியதில்லை. தாத்தா போனார், பாட்டி போனாள், கடைசியில் வீட்டுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது. பாதி ஜனம் சென்னையில், மீதி ஜனம் வாட்ஸ்அப்பில்.

2024 கிறிஸ்துமஸ் புதன்கிழமையில் வந்தது. ஆபீஸ் போகிறவர்களுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. செவ்வாய்க்கிழமை ராத்திரி வரை சீட்டில் இருக்க வேண்டும், வியாழக்கிழமை காலை மறுபடி சீட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஊருக்குப் போய் வருவதற்கு இறக்கைதான் முளைக்கணும். ரயில் டிக்கெட்டை அப்போது 120 நாள் முன்னாலேயே திறந்துவிட்டார்கள். (அந்த நவம்பர் முதல் அது 60 நாளாகிவிட்டது.) ஆகஸ்டில் கிறிஸ்துமஸை நினைக்கிற புண்ணியவான்கள் எங்கள் வம்சத்தில் இல்லை.

அம்மா ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த வருஷம் அவங்கவங்க வீட்ல அவங்கவங்க சாப்பிட்டுக்கலாம்ல. எதுக்கு எல்லாருக்கும் செரமம்?"

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால் கம்பெனிச் சட்டம் படித்தவனுக்குத் தெரியும், இது லிக்விடேஷன் நோட்டீஸ். ஒரு வருஷம் 'அவங்கவங்க வீட்ல' என்றால், மறு வருஷம் போன் மட்டும். அதற்கடுத்த வருஷம் ஒரு மெழுகுவர்த்திப் படம், கீழே நாலு கும்பிடு. அப்புறம் கல்யாணப் பத்திரிகை வந்தால், "இது யாரு, நம்ம தங்கராஜா மகனா, செல்லராஜா மகனா?" என்று விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதுதான்.

"நம்ம வீட்ல வெச்சுக்கலாம்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தமிழில் வார்த்தை இல்லை. எங்கள் ஃப்ளாட் 850 சதுர அடி. வருகிறவர்கள் 32 பேர். தலைக்கு 26 சதுர அடி சொச்சம். அதிலும் ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

"சமையல்?" என்றாள்.

"ஆம்பளைங்க" என்றேன்.

இது வீரத்தில் வந்த பதில் இல்லை, சார். கணக்கில் வந்த பதில். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக அம்மா கிறிஸ்துமஸ் அன்று முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடியற்கால ஆராதனையில் ஐயர் பிரசங்கத்தை முடிப்பதற்குள் அம்மாவின் மனசு அடுப்பங்கரைக்குப் போய்விடும். நாங்கள் எல்லாரும் தின்று, ஏப்பம் விட்டு, பாய் விரித்த பிறகு நாலைந்து பெண்கள் அடிப்பாத்திரத்தைச் சுரண்டிச் சாப்பிடுவார்கள். பீஸ் தீர்ந்திருக்கும். "எங்களுக்கு மசாலாதான் பிடிக்கும்" என்பார்கள். முப்பது வருஷம் அதை நம்பினோம்!

* * *

கல்யாணமாகாத தம்பிகளே, நீங்களும் ஒரு நாள் இந்த வம்பில் மாட்டலாம். கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீரகச் சம்பா 1 கிலோ போட்டால் 10 பேர் என்று சமையல் புத்தகம் சொல்லும். புத்தகம் எழுதியவர் என் சித்தப்பாவைப் பார்த்ததில்லை. 8 பேர் என்று வையுங்கள். 32 பேருக்கு 4 கிலோ அரிசி, 5 கிலோ மட்டன். வெங்காயம், தயிர்ப் பச்சடிக்கும் சேர்த்து 3 கிலோ. ஒரே அண்டாவில் செய்கிறேன் பேர்வழி என்று வீட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். அடுப்பு தாங்காது, அடியில் தீயும், மேலே வேகாது. இரண்டு பாத்திரம், தலைக்கு 2 கிலோ. ஸ்டெப்னி சிலிண்டர் கட்டாயம். 14.2 கிலோ கேஸும் பண்டிகை அன்றைக்குத்தான் தீரும் என்பது நியூட்டன் எழுத மறந்த விதி.

உட்கார வைப்பது? வாடகைக்கு இரண்டு நீள மேஜை எடுத்தால் ஒரு பந்திக்கு 12 பேர். 12, 12, 8. மூன்று பந்தி. பந்திக்கு 25 நிமிஷம், இலை எடுத்துத் துடைக்க 10 நிமிஷம். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தால் இரண்டே காலுக்குள் முடிந்துவிடும்.

பணம்? சொந்தக்காரனிடம் காசு கேட்டால் அவமானம், பதார்த்தம் கேட்டால் மரியாதை! அத்தையிடம் முந்திரிக்கொத்து கேட்டேன். (வெளியூர் நண்பர்களுக்கு: இதில் முந்திரிப்பருப்பு இருக்காது. பாசிப்பயறும் கருப்பட்டியோ வெல்லமோதான்.) சித்தியிடம் அச்சு முறுக்கு, மச்சானிடம் கேக், பெரிய அத்தானிடம் 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று. எல்லாரும் கேட்டதற்கு மேலேயே கொண்டுவந்தார்கள். சிங்கப்பூர் தம்பி மட்டும் லீவு கிடைக்கவில்லை என்றான். "கவலைப்படாதே, ரஷ்யாக்காரங்களுக்கு ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸ். அதுவரைக்கும் டயம் இருக்கு" என்று ஆறுதல் சொன்னேன்.

24-ஆம் தேதி ராத்திரி பத்து மணி. ஹாலில் பேப்பர் விரித்து ஐந்து ஆண்கள் வெங்காயம் உரித்தோம். ஒருத்தன் சாஃப்ட்வேர், ஒருத்தன் வங்கி, ஒருத்தன் கவர்ன்மென்ட். ஐந்து பேரும் அழுதோம். குடும்பத்தில் இவ்வளவு ஆண்கள் சேர்ந்து அழுதது தாத்தா செத்த அன்றைக்கு அப்புறம் அப்போதுதான்.

காலையில் எதிர் ஃப்ளாட் மாமா வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆத்துக்கு ஐயர் வர்றாராமே? சமையல் என்ன சார்?"

"மட்டன் பிரியாணி, சார்."

இரண்டு நிமிஷம் மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் சபையில் போதகரைத்தான் ஐயர் என்போம் என்று விளக்கிய பிறகுதான் அவருக்கு நிறம் திரும்பியது. மாமியின் தீபாவளி டப்பா எங்கள் வீட்டில் இருந்தது. வெறும் டப்பாவைத் திருப்பக்கூடாது என்பது எல்லா மதத்துக்கும் பொது. முறுக்கு நிரப்பிக் கொடுத்தேன்.

அம்மாவை அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். உள்ளே வரத் தடை. ஆனால் வாய்க்குத் தடை போட முடியுமா?

"ஏல, அரிசி ஊற வெச்சியா?"

"வெச்சாச்சும்மா."

"உப்பு பாத்தியா?"

"பாத்தாச்சும்மா."

"நான் ஒரு தடவ..."

"உக்காரும்மா!"

* * *

பன்னிரண்டரை. ஐயர் ஜெபம் பண்ணினார். தம் உடைத்தோம், வாசனை லிஃப்ட் வரைக்கும் போனது. நான் அறிவித்தேன்: "முதல் பந்தி லேடீஸ்!"

யாரும் அசையவில்லை.

11 பெண்களும் சுவரோரமாகவே நின்றார்கள். 'நீ போ' 'நீ போ' என்று ஒருத்தரையொருத்தர் தள்ளினார்கள். அத்தை சொன்னாள்: "அதெப்படி டே, ஆம்பளைங்க சாப்பிடாம நாங்க உக்கார்றது?" அம்மா பெரியப்பாவைப் பார்த்து, "அத்தான், நீங்க உக்காருங்க. நாங்க பொறவு பாத்துக்கிடுதோம்" என்றாள்.

பெரியப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பந்தியில் தலைமாட்டு இலை அவருக்கென்றே தாத்தா காலத்திலிருந்து ரிசர்வ். அவர் எழுந்து மேஜைப் பக்கம் வந்தார். சரி, நம் திட்டம் அவுட் என்று நினைத்தேன்.

மனுஷன் உட்காரவில்லை. தண்ணீர் ஜக்கை எடுத்தார். கை நடுங்க, தலைமாட்டு இலைப் பக்கத்து டம்ளரில் ஊற்றினார். "நீ உக்காரும்மா" என்றார் அம்மாவிடம். "ஒங்க அக்காளுக்கு இத நான் ஒரு நாளும் செய்யல."

பெரியம்மா தவறி இரண்டு வருஷம் ஆகிறது.

அப்புறம் யாரும் யாரையும் தள்ளவில்லை. 11 பேரும் உட்கார்ந்தார்கள். பெரியப்பாவுக்கென்று வைத்த பன்னிரண்டாவது இலையில் அவருடைய பேத்தி ஏறிக்கொண்டாள். நாங்கள் ஓடி ஓடிப் பரிமாறினோம். அம்மா இலையில் நல்ல பீஸாகத் தேடிப் போட்டேன். சாப்பிட்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

கடைசிப் பந்தியில் நாங்கள் உட்கார்ந்தபோது பீஸ் தீர்ந்திருந்தது. "எங்களுக்கு மசாலாதான் பிடிக்கும்" என்றோம். பெண்கள் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மிச்சச் சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். 'சாயங்காலம் சூடு பண்ணிக்கலாம்' என்று வெளியே வைக்காதீர்கள். சோற்றில் ஒரு கிருமி உண்டு, பெயர் பாசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள் கொதிக்கிற சூட்டுக்கே பிழைத்துக் கிடக்கும். வெளியே வைத்த சோற்றில் அது கக்கும் விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. பேரிலேயே சீரியஸ் இருக்கிறது, விளையாடாதீர்கள்.

கிளம்பும்போது யாரும் 'அவங்கவங்க வீட்ல' பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் என் வீட்டில்தான் என்று அத்தை செருப்பு மாட்டும்போதே அறிவித்துவிட்டாள். அவள் வீடு 600 சதுர அடி. எப்படி உட்காருவோம் என்று யாரும் கேட்கவில்லை.

அதெல்லாம் சரி, அந்த இரண்டு பிரியாணிப் பாத்திரத்தையும் யார் தேய்த்தது என்று கேட்கிறீர்களா?

பக்கம் முடிந்துவிட்டது சார். அடுத்த வாரம் பார்க்கலாம்.